புற்றுநோயைத் தேடிச் செல்லும் கதிரியக்க மருந்து: ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளிக்குக் கொண்டு செல்வது எப்படி?

எலியின் தோலுக்கடியில் வளர்த்த கட்டியில் மட்டும் கதிரியக்கம் திரண்டு, உடலின் ஏனைய பகுதி ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும் ஸ்கேன் படம் ஒன்று கிடைத்துவிட்டால், மருந்தே கிடைத்துவிட்டது என்று ஆய்வுக்குழு எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு அடுத்த அடியை எடுத்து வைப்பவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். கதிரியக்க மருந்து, தயாரித்த கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டிருக்கும் பண்டம். அதை அலமாரியில் அடுக்கி வைத்துத் தேவைப்படும்போது எடுக்க முடியாது. ஆகவே நோயாளி படுத்திருக்கும் கட்டிலில் தொடங்கி, மருந்து வண்டி, தயாரிப்பு அறை, அணு உலை என்று பின்னோக்கி நடந்து, கடைசியில் மூலக்கூறுக்கு வந்து சேரும் விதத்தில் திட்டமிட வேண்டும். இக்கட்டுரை முழுவதும் அந்த முறையையே வலியுறுத்துகிறது.

எடுத்துக்காட்டாக பிஎஸ்எம்ஏ-617 என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்வோம் (பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களின் மேல் மிகுதியாகக் காணப்படும் ஒரு புரதம்). ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆய்வு மையத்தில் உருவான இது, லுட்டீசியம்-177 என்னும் கதிரியக்க உலோகத்தைச் சுமந்துகொண்டு, உடலெங்கும் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்தாக 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் உறுப்புகள் மூன்று: புற்றணுவின் (புற்றுநோய் உயிரணுவின்) மேலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும் கை, கதிரியக்க உலோகத்தைக் கவ்வி வைத்திருக்கும் கூண்டு, இரண்டையும் இணைக்கும் பாலம்.

இலக்கைச் சோதித்தல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் இலக்குப் புரதம் புற்றணுவில் இருக்கிறதா என்பதைவிட, அது இரத்த ஓட்டத்திலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதே. பிஎஸ்எம்ஏ புரதத்தைக் குறிவைத்து 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஸ்கேன் மருந்து, இண்டியம்-111 என்னும் கதிரியக்க உலோகம் ஏற்றிய ஓர் எதிர்ப்பொருள் (குறித்த ஓர் இலக்கைத் தேடிப் பற்றும் நோய் எதிர்ப்புப் புரதம்). அது பற்றிக்கொண்ட பகுதியோ புரதத்தின் உட்பக்கத்தில், அதாவது உயிரணுச் சவ்வுக்கு உள்ளே இருந்தது. இறந்த, சிதைந்த உயிரணுக்களுக்குள் மட்டுமே அது நுழைய முடிந்ததால் படங்கள் தெளிவற்றிருந்தன. குறிப்பாக, உயிர்ப்புள்ள எலும்புக் கட்டிகளை அது சரிவரக் காட்டவில்லை. வீட்டின் முகவரி சரி, ஆனால் அழைப்பு மணி உள் அறையில் இருந்தது என்று சொல்லலாம். பின்னர் வந்த சிறு மூலக்கூறுகள், உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நொதிப் பகுதியைப் பற்றின. குளுட்டமேட்டும் லைசினும் ஒரு யூரியா இணைப்பால் கோக்கப்பட்ட அந்தக் கை, பற்றியவுடன் புரதத்தோடு சேர்ந்து அணுவுக்குள் இழுக்கப்பட்டுவிடும். சிகிச்சைக்கு இது பெரும் வரம். ஏனெனில் கதிரியக்கம் கட்டிக்குள் பல நாள் தங்க வேண்டும்.

இலக்கு வேறு எந்த உறுப்புகளில் உள்ளது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பிஎஸ்எம்ஏ புரதம் சிறுநீரகக் குழல்களிலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலும் உள்ளது. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளிலும் மருந்து படிகிறது. இந்தப் பட்டியல்தான் பின்னாளில் உங்கள் பக்கவிளைவுப் பட்டியலாக மாறும்.

கூண்டும் உலோகமும்

ஹைடல்பெர்க் குழுவின் முந்தைய மூலக்கூறான பிஎஸ்எம்ஏ-11, காலியம்-68 ஏற்றிப் பெட் ஸ்கேன் எடுப்பதற்கு அருமையாக அமைந்தது. ஆனால் அதன் கூண்டு காலியத்துக்கென்றே தைத்த சட்டை. லுட்டீசியத்தை அது உறுதியாகப் பிடிக்காது. ஆகவே படம் எடுக்கும் மூலக்கூறையே சிகிச்சைக்கும் பயன்படுத்த வழியில்லாமல், டோட்டா என்னும் வேறு கூண்டை வைத்து, பாலத்தையும் மாற்றி, 617-ஐப் புதிதாகக் கட்டினார்கள். பாலம் என்றால் வெறும் கயிறு என்று நினைத்துவிடக் கூடாது. 617-இன் பாலத்தில் உள்ள நாப்தலீன் வளையமும் சைக்ளோஹெக்சேன் வளையமும் நொதியின் குகைப் பாதையில் பொருந்தி, பிடிமானத்தைக் கூட்டுகின்றன. கட்டியில் தங்குவது, சிறுநீரகத்திலிருந்து விரைவில் கழிவது ஆகிய இரண்டும் பெருமளவு பாலத்தின் வடிவமைப்பில் தீர்மானமாயின.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அரை ஆயுளும் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) மூலக்கூறின் நடமாட்டமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் கட்டியை அடையும் சிறு மூலக்கூறுக்கு 68 நிமிட அரை ஆயுள் கொண்ட காலியம்-68 போதும்; நாட்கணக்கில் இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருளுக்கு அது பயன்படாது. லுட்டீசியம்-177-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 6.65 நாள், அதன் பீட்டாத் துகள் திசுவில் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர் பாயும், கூடவே வெளிவரும் காமாக் கதிர்களால் மருந்து எங்கே போனது என்று படமும் எடுக்கலாம். ஆக்டினியம்-225 வெளியிடும் ஆல்ஃபாத் துகள் சில உயிரணுக்களின் தொலைவே பாய்ந்தாலும் அடி மிகப் பலமானது. எடுத்த எடுப்பில் ஆல்ஃபாவுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உலோகத்தின் உலக உற்பத்தியே சொற்பம் என்பது ஒரு காரணம். மற்றொன்றை எலிகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

லுட்டீசியம்-177-ஐ இரு வழிகளில் தயாரிக்கிறார்கள். லுட்டீசியம்-176-ஐ நேரடியாக உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்குவது ஒன்று. இட்டர்பியம்-176-ஐத் தாக்கி, அதிலிருந்து பிறக்கும் லுட்டீசியத்தை வேதியியல் முறையில் பிரித்தெடுப்பது மற்றொன்று. மும்பை திராம்பேயிலுள்ள துருவா உலையில் முதல் முறையில் தயாரான லுட்டீசியம் இந்திய மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது. முதல் முறை எளிது, மலிவும்கூட. ஆனால் மாறாமல் எஞ்சும் சாதாரண லுட்டீசிய அணுக்கள் கூண்டுகளுக்காகப் போட்டியிடும். அத்துடன் சுமார் 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் என்னும் துணைப்பொருளும் மிகச் சிறிதளவு கலந்து வரும். மிகச் சிறிதளவுதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். மருத்துவமனைக் கழிவு அறையில் அது மீண்டும் எதிர்ப்படும்.

உயிரணுக்களும் எலிகளும் சொல்வது எவ்வளவு?

வளர்ப்புத் தட்டில் செய்ய வேண்டியவை நன்கு வரையறுக்கப்பட்டவை: புரதம் உள்ள எல்என்கேப், புரதம் இல்லாத பிசி-3 என்னும் புராஸ்டேட் புற்றுநோய் உயிரணு வகைகளில் பற்றும் வலிமையை ஒப்பிடுதல், அணுவுக்குள் இழுக்கப்படும் அளவை அளத்தல், மனித இரத்த நீர்மத்தில் மூலக்கூறு சிதையாமல் நிற்கிறதா என்று பார்த்தல். எலியில், குறித்த நேரங்களில் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து எடை போட்டு, ஒரு கிராம் திசுவில் செலுத்திய அளவின் எத்தனை சதவீதம் உள்ளது என்று கணக்கிட வேண்டும். கதிரியக்கம் இல்லாத மூலக்கூறை மிகுதியாக முன்கூட்டியே செலுத்திப் பார்த்தால் கட்டியில் படிவது சரிய வேண்டும். சரியாவிட்டால் நீங்கள் பார்த்தது இலக்கைப் பற்றிய படிவே அன்று. இந்த எதிர்ச்சோதனையைத் தவிர்த்த கட்டுரைகள் இன்னமும் வெளிவருகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

எலி சொல்லாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். பிஎஸ்எம்ஏ மூலக்கூறுகள் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மனிதரில் படிவதைப்போலப் படிவதில்லை. எனவே எலி ஆய்வை மட்டும் நம்பியிருந்தால், சிகிச்சையின் மிகத் தொல்லையான பக்கவிளைவான வாய் வறட்சியை எவரும் முன்னறிந்திருக்க முடியாது. ஆக்டினியம்-225 ஏற்றிய அதே மூலக்கூறு சில நோயாளிகளில் வியக்கத்தக்க பலனைக் கொடுத்தபோதும், உணவை விழுங்க முடியாத அளவுக்கு வாய் வறண்டு, சிகிச்சையையே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. முன்னே சொல்லாமல் விட்ட காரணம் இதுதான்.

தயாரிப்பு அறை

ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கத்தால் நடந்த வேலை, இங்கே யார் செய்தாலும் ஒரே விளைவைத் தரும் எழுத்து நடைமுறையாக மாற வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

ஈயக் கவசமிட்ட பெட்டிக்குள், லுட்டீசியம் குளோரைடுக் கரைசலுடன் மூலக்கூறையும் அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் கரைசலையும் சேர்த்து, அமிலத்தன்மை அளவு (pH) 4-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்குமாறு வைத்து, ஏறக்குறைய 95 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம்வரை சூடாக்குவதே பரவலான முறை. கேட்பதற்குச் சமையல் குறிப்பைப்போல எளிமையாக இருக்கும். ஆனால் இதில் புழங்கும் லுட்டீசியத்தின் எடை மைக்ரோகிராம் கணக்கு. சாதாரண எஃகு ஊசியில் கரைசலை உறிஞ்சினாலே போதும். அதிலிருந்து கசியும் இரும்பு அணுக்கள் எண்ணிக்கையில் லுட்டீசியத்தை மிஞ்சி, கூண்டுகளில் முதலில் இடம் பிடித்துவிடும். நேற்று 99 சதவீதம் ஏறிய உலோகம் இன்று அறுபதில் நின்றால், மூலக்கூறைச் சந்தேகிப்பதற்கு முன் ஊசி, குடுவையின் மூடி, தண்ணீர், கரைசல் உப்பின் தரம் ஆகியவற்றை வரிசையாகச் சோதியுங்கள்.

அடுத்த எதிரி கதிர்வீச்சேதான். நோயாளிக்குரிய அளவில் கதிரியக்கம் செறிந்த குடுவையில், கதிர்வீச்சு நீரைச் சிதைத்து, அந்தச் சிதைவுகள் மூலக்கூறையே அரிக்கத் தொடங்கும். எலிக்குத் தயாரித்த சிற்றளவில் இது தெரியவே தெரியாது; அளவைப் பெருக்கியபோதுதான் தலைகாட்டும். ஆஸ்கார்பிக் அமிலம், ஜென்டிசிக் அமிலம் போன்ற காப்புப் பொருள்களைச் சேர்ப்பதும், தயாரித்தபின் நீர்த்துவிடுவதும் இதற்காகவே. எனவே நிலைத்தன்மைச் சோதனையை, உண்மையில் அனுப்பப்போகும் முழுக் கதிரியக்க அளவில், அனுப்பப்போகும் அதே குடுவையில், காலாவதி நேரம்வரை செய்து காட்ட வேண்டும். மூன்று தொகுதிகள் அடுத்தடுத்து அதே நடைமுறையில் தேறுவது வழக்கமான எதிர்பார்ப்பு.

மருந்தை வெளியே அனுப்புவதற்கு முன் தோற்றம், அமிலத்தன்மை, உலோகம் ஏறிய தூய்மை, உலோகத்தின் அடையாளம், நுண்ணுயிர் நச்சு, வடிகட்டியின் முழுமை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. கிருமி நீக்கத்துக்கான முறையான சோதனைக்கோ 14 நாள் தேவை. காலியம் மருந்தென்றால் அதற்குள் சுவடின்றி மறைந்துவிடும். லுட்டீசியம் மருந்தும் காலாவதியாகிவிடும். ஆகவே நோயாளிக்குச் செலுத்திய பிறகே அந்த முடிவு வரும் என்பதை ஒழுங்கு விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு ஈடாகத் தயாரிப்பு அறையின் காற்று, ஊழியரின் கையுறை, 0.22 மைக்ரான் வடிகட்டி என ஒவ்வொரு கண்ணியும் சோதனைக்கு உட்படுகிறது. சோதனையில் தவறு தெரிந்தால் எந்த மருத்துவருக்கு யார் தொலைபேசியில் சொல்வது என்பதையும் முதல் தொகுதிக்கு முன்பே எழுதி வையுங்கள்.

இனி, கடிகாரம். லுட்டீசியம்-177 நாளொன்றுக்குச் சுமார் 10 சதவீதம் தேய்கிறது. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு) செலுத்த வேண்டுமானால், புதன் காலை 10 மணிக்குக் குடுவையில் ஏறத்தாழ 9.1 கிகாபெக்கரல் இருந்தாக வேண்டும். காலியம்-68 என்றால், வண்டி ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றாலே 46 சதவீதம் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தயாரிப்பு மையம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டுமா, வேறு ஊரில் இருக்கலாமா என்று முடிவெடுக்க முடியும். அந்த முடிவுக்குப் பின்னரே, உண்மையில், உலோகத்தை இறுதி செய்திருக்க வேண்டும்.

முதல் மனிதர்

அனுமதிக் கோப்பில் இரு நச்சுத்தன்மைகளைத் தனித்தனியே பேச வேண்டும்: கதிரியக்கமற்ற மூலக்கூறின் நச்சு, கதிர்வீச்சின் நச்சு. முதலாவது பெரும்பாலும் எளிது. செலுத்தப்படும் மூலக்கூறின் எடை வழக்கமாகச் சில நூறு மைக்ரோகிராமுக்குள் அடங்கிவிடும். படமெடுக்கும் மூலக்கூறு 100 மைக்ரோகிராமைத் தாண்டாமல், மருந்தாகச் செயல்படும் அளவின் நூறில் ஒரு பங்குக்குள்ளும் இருந்தால், நுண்ணளவு என்னும் சுருக்கமான விலங்காய்வுத் தொகுப்பே போதுமானது. இந்தியாவில் நடத்துவதானால் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி அனுமதியும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கதிரியக்கத்தைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் தேவை. இவற்றுக்கான தயாரிப்பை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொள்ளாமல் ஒரே காலத்தில் தொடங்குவது நல்லது.

ஹைடல்பெர்க்கில் வேறொரு கதவு திறந்திருந்தது. மருத்துவர் தம் சொந்தப் பொறுப்பில், தம் நோயாளிக்கென மருந்து தயாரிக்க ஜெர்மன் மருந்துச் சட்டம் இடமளிக்கிறது. மற்ற சிகிச்சைகள் அனைத்தும் தோற்றவர்களுக்கு அந்த வழியில்தான் லுட்டீசியம் ஏற்றிய 617 முதலில் கொடுக்கப்பட்டது. பல ஆண்டு காத்திருப்பு மிச்சமாயிற்று; நோயாளிகளும் பயன்பெற்றார்கள். ஆயினும் ஒவ்வொரு மருத்துவமனையும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு இடைவெளியில் கொடுத்த அனுபவத் தொகுப்புகளை எவ்வளவு உயரமாக அடுக்கினாலும் அவை ஒப்பீட்டு ஆய்வுக்கு ஈடாகா. பின்னர் எல்லாவற்றையும் முறைப்படி மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது.

உறுப்புகள் பெறும் கதிர்வீச்சுக் கணக்கை ஒருமுறை கைப்படப் போட்டுப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற மருந்தின் குறிப்பேட்டின்படி சிறுநீரகம் ஒரு கிகாபெக்கரலுக்கு 0.43 கிரே (திசு உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) பெறுகிறது. முறைக்கு 7.4 வீதம் ஆறு முறை என்றால் 44.4 கிகாபெக்கரல், சிறுநீரகம் பெறுவது சுமார் 19 கிரே. வெளிப்புறக் கதிர்வீச்சுச் சிகிச்சையிலிருந்து கடன் வாங்கிய மரபான வரம்பு 23 கிரே என்பதால் இது உள்ளடங்குகிறது. அதே குறிப்பேட்டில் கண்ணீர்ச் சுரப்பிக்கு ஒரு கிகாபெக்கரலுக்கு 2.1 கிரே, ஆறு முறைக்கு 93 கிரே ஆகிறது. இவ்வளவு பெற்றும் கண் வறட்சி சிகிச்சையைத் தடுக்கும் சிக்கலாக எழவில்லை. மெதுவாகப் பல நாள் இறங்கும் கதிர்வீச்சை, சில நிமிடங்களில் பாய்ச்சும் கதிர்வீச்சின் வரம்புகளால் அளப்பது எவ்வளவு தோராயமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே முதல் நோயாளிகளில் சிகிச்சைக்குப் பின் குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் ஸ்கேன் எடுத்து, உங்கள் மருந்துக்கான எண்களை நீங்களே ஈட்டிக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டு ஆய்வு

விஷன் எனப்பட்ட மூன்றாம் கட்ட ஆய்வில் 831 பேர், இருவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில், லுட்டீசியம் மருந்துடன் வழக்கமான சிகிச்சை பெறுவோராகவும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறுவோராகவும் பிரிக்கப்பட்டனர். 2021-இல் வெளியான முடிவில், இடைநிலை ஆயுட்காலம் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக உயர்ந்திருந்தது. சேர்க்கைக்கு முன் பிஎஸ்எம்ஏ-11 பெட் ஸ்கேன் எடுத்த 1003 பேரில் 869 பேர் மட்டுமே தகுதி பெற்றார்கள். இலக்கு இல்லாதவருக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்பதால் படமும் மருந்தும் இணைபிரியாதவை. ஒப்புதல் கோரும்போதும் இரண்டையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள்.

இந்த ஆய்வில் கற்க வேண்டிய சங்கடமான பாடமும் உண்டு. மருந்தை ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. தங்களுக்கு அது கிடைக்காது என்று தெரிந்தவுடன், தொடக்கத்தில் ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சையைத் தொடங்காமலேயே விலகினார்கள். கதிரியக்கச் சிகிச்சையில் மறைப்பு ஆய்வு நடத்துவது கடினம். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும். ஆய்வு மையங்களுக்கு மீண்டும் பயிற்சியளித்து விலகலைக் குறைத்த பின்னரும், நோய் முன்னேறாத காலத்தைப் பற்றிய கணக்கை, அந்த மாற்றத்துக்குப் பின் சேர்ந்த 581 பேரை மட்டும் வைத்தே செய்ய நேர்ந்தது. சம்மதப் படிவம் வாங்கும் மேசையில் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பொறுமையாக விளக்க ஆள் வையுங்கள்; ஒப்பீட்டுச் சிகிச்சையும் நோயாளி மதிக்கத்தக்கதாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் 200 பேருடன் நடந்த தெரப் ஆய்வு, கபாசிடாக்சல் என்னும் உண்மையான கீமோ மருந்துடனேயே ஒப்பிட்டது. என் மதிப்பில் அது துணிச்சலான கேள்வி.

ஒப்புதலுக்குப் பின்

நல்ல மருந்தும் ஒப்புதலும் இருந்தும் கைவிடப்பட்டவை உண்டு. லிம்போமாவுக்கான அயோடின்-131 ஏற்றிய எதிர்ப்பொருள் மருந்து ஒன்று 2003-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்று, பலன் இருந்தும், பயன்படுத்துவோர் குறைந்து 2014-இல் சந்தையிலிருந்து விலகியது. நோயாளியைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், மருந்தைச் செலுத்தும் அணு மருத்துவர் மற்றொருவர் என்று பிரிந்திருந்ததும், கதிரியக்கம் தேவைப்படாத மாற்று மருந்துகள் எளிதாகக் கிடைத்ததும் அதன் வழியை அடைத்தன. உங்கள் ஆய்வுக் குழுவில் புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரகவியல் அறுவை மருத்துவரும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்பது மரியாதைக்காகச் சொல்வதன்று.

வழங்கலும் அப்படியே. 617 மருந்து ஒப்புதல் பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத 2022 மே மாதத்தில், தரக் கட்டுப்பாட்டுக் காரணங்களால் அதன் தயாரிப்பு சில வாரம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டிலும் தட்டுப்பாடு வந்து புதிய நோயாளிகள் காத்திருக்க நேரிட்டது. கையிருப்பு என்ற ஒன்றே இல்லாத பண்டத்தில், ஒரு தயாரிப்புக் கூடம் நின்றால் அடுத்த வாரமே கட்டில் காலியாக இருக்கும். இரண்டாவது தயாரிப்பு மையத்தையும் இரண்டாவது உலையையும் ஒப்புதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுவது செலவுதான். பிறகு சேர்ப்பது அதைவிடச் செலவு.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் சில்லறை வேலைகள். ஆனால் தவறினால் சிகிச்சையே நின்றுவிடும். செலுத்தப்பட்டதில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் வெளியேறும். எனவே தனிக் கழிப்பறை, அதிகமாகத் தண்ணீர் குடிக்கச் செய்தல், சில நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காதிருக்கும்படி எழுத்தில் அறிவுரை ஆகியவை தேவை. ஆண்கள் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். காலியான குடுவையையும் குழாய்களையும் பெட்டியிலிட்டுத் தேதி எழுதி வைத்தால், இட்டர்பியம் வழியாக, இரண்டாம் முறையில் தயாரித்த லுட்டீசியமாக இருந்தால் பத்து அரை ஆயுள், அதாவது ஏறத்தாழ 67 நாள் கழித்து, கதிர்வீச்சு அளவியைக் காட்டிப் பார்த்து, அளவு வரம்புக்குக் கீழே இருப்பின் விதிப்படி அப்புறப்படுத்தலாம். நேரடி முறையில் தயாரித்ததாக இருந்தால், அதே நாளில் அதே அளவி இன்னமும் ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும். 177எம் அங்கேதான் காத்திருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் பூட்டிய தனி அறை வேண்டும், அந்த அறைக்கான இடத்தைக் கட்டட வரைபடத்தில் முன்பே குறித்திருக்க வேண்டும்.